அப்பாவின் வேலைச் சீட்டு

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஏழு மாதமாக அவர் லிஃப்டில் ஏறவில்லை.

இது அம்மாவுக்கும் எனக்கும் அப்பாவின் கூட்டாளிக்கும் மட்டும்தான் தெரியும். கூட்டாளியும் அப்பாவும் ஒரே வண்டியில் வேலைக்குப் போகிறவர்கள். மேலே மோட்டார் அறையிலும் கீழே குழியிலும் இருக்கும் வேலைகளை அப்பா செய்வார். கேபினுக்குள் நின்று ஓட்டிப் பார்ப்பதைக் கூட்டாளி செய்வார். மோட்டார் அறை எப்போதும் கட்டடத்தின் உச்சியில்தான் இருக்கும். அப்பா படியேறிப் போவார். பத்து மாடி, பன்னிரண்டு மாடி.

"லிஃப்டுக்குச் சம்பளம் வாங்குறாரு, செருப்புக்குச் செலவு பண்றாரு" என்பார் அம்மா.

நடந்தது இதுதான். ஒரு விடுமுறை நாளில், ஆளில்லாத அலுவலகக் கட்டடம் ஒன்றில் அப்பா தனியாகப் போய் ஒரு லிஃப்டைச் சோதித்தார். இரண்டு மாடிகளுக்கு நடுவில் அது நின்றுவிட்டது. விளக்கும் அணைந்தது. கைபேசியில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. காவலாளி வந்து கண்டுபிடிக்க ஐந்தரை மணி நேரம் ஆனது. அப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்தார், நன்றாகச் சாப்பிட்டார், தூங்கினார். மறுநாள் லிஃப்ட் வாசலில் கால் நின்றுவிட்டது. "கால் கேக்கலை. நான் சொன்னேன், அது கேக்கலை" என்றார்.

கூட்டாளி இருக்கும்வரை சமாளித்தார்கள். இப்போது கூட்டாளிக்கு வேறு கிளைக்கு மாற்றல் வந்துவிட்டது. இரண்டு மாதத்தில், ஒன்றாம் தேதியிலிருந்து, புதிதாகக் கட்டிய ஒரு பதினெட்டு மாடிக் கட்டடம் அப்பாவின் தனிப் பொறுப்பு. முடியாது என்றால் மேற்பார்வையாளரிடம் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் உதிரிபாகக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். சம்பளமும் குறையும்.

"உட்கார்ந்து திருகாணி எண்ணச் சொல்றியா என்னை?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

நான் பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். என் வேலையோடு ஒரு மருத்துவக் காப்பீடும் வந்தது; அதில் பெற்றோருக்கும் இடம் உண்டு. காப்பீட்டுப் புத்தகம் நாற்பத்தாறு பக்கம். முழுவதையும் படித்தேன். பக்கம் முப்பத்தொன்றில் 'மனநல ஆலோசனை' இருந்தது. குடும்ப மருத்துவரின் கடிதம் வேண்டும். முதல் இரண்டு அமர்வுகளுக்கு நாமே பணம் கட்ட வேண்டும். அடுத்த இரண்டுக்கு அவர்கள் கட்டுவார்கள். நான்கு முடிந்ததும் காகிதங்களைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மேலும் அனுமதிப்பார்கள். ஆலோசகர் அவர்கள் பட்டியலில் இருப்பவராக இருக்க வேண்டும்.

பட்டியலில் எங்கள் ஊருக்கு நான்கு பேர். ஒருவர் பிரசவ விடுப்பில் இருந்தார். ஒருவர் குழந்தைகளை மட்டும் பார்ப்பவர். ஒரு எண்ணில் பல் மருத்துவமனை எடுத்தது. மிஞ்சியவர் ஒரு பெண். ஓர் அமர்வுக்கு அவர் கேட்ட தொகை எனக்கு இரண்டரை நாள் சம்பளம். அரசு மருத்துவமனையில் இலவசம்தான், ஆனால் முறை வர நான்கு மாதம் ஆகும் என்றார்கள்.

"முதல் ரெண்டு தடவைக்குத்தானே கைக்காசு, போட்டுக் குடுப்போம்" என்றார் அம்மா. அம்மா பள்ளி வேன் ஓட்டுகிறார். பின்னால் பதினாறு பிள்ளைகள் கத்தினாலும் கேட்கும்படி பேசிப் பேசி, வீட்டிலும் அதே குரல்தான்.

அப்பா போக மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவங்க ஆபீஸ் எத்தனாவது மாடி?"

"மூணு."

"அப்ப நடந்தே போயிடலாம்."

முதல் நாள் திரும்பி வந்தபோது அப்பாவின் முகத்தில் குழப்பம்தான் இருந்தது. "அவங்க கேள்வி கேக்குறாங்க. பதிலை நாமதான் சொல்லணுமாம். அப்புறம் காசும் நாமதான் குடுக்கணுமாம்."

"இருபத்தெட்டு வருஷமா நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லியிருந்தா அந்தக் காசு மிச்சம்" என்றார் அம்மா.

ஆனாலும் அடுத்த வாரம் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். மூன்றாவது அமர்வில் ஆலோசகர் அவரை அறைக்கு வெளியே அழைத்துவந்து அந்த மாடியின் லிஃப்ட் முன்னால் நிறுத்தினாராம். கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டாராம். அப்பா உள்ளே ஒரு கால் வைத்தார், எடுத்தார். பிறகு இரண்டு கால்களையும் வைத்தார். இதைச் சொல்லும்போது சாப்பாட்டு மேசைக்கடியில் அவர் பாதங்கள் தரையை அழுத்திக்கொண்டிருந்தன.

ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் வரவேற்பில் ஒரு சீட்டு தருவார்கள். தேதி, நேரம், முத்திரை, அப்பாவின் கையெழுத்து. கீழே ஒரு கட்டம்: 'உங்கள் குறிப்பு (விரும்பினால்)'. அதைப் படமெடுத்துக் காப்பீட்டுக்கு அனுப்புவது என் பொறுப்பு. அந்தக் கட்டத்தில் அப்பா ஏதோ எழுதியிருப்பது தெரிந்தது. நான் படிக்கவில்லை. உள்ளே பேசுவது அப்பாவுக்கு மட்டும் சொந்தம் என்று முதல் நாளே ஆலோசகர் சொல்லியிருந்தார். எனவே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் படமெடுத்தேன். இரண்டாவது சீட்டில் பாதி மேசை விழுந்திருந்தது. திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

நான்காவது அமர்வு முடிந்து ஆறாம் நாள் காப்பீட்டிலிருந்து மின்னஞ்சலில் கடிதம் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மாலையில் மூவரும் வீட்டில் இருந்தோம். நான் வாசித்தேன்.

"காப்பீடு பெறுபவர் முழுமையாகக் குணமடைந்துவிட்டதாக அவரே நான்கு முறை எழுத்துமூலம் உறுதி செய்திருப்பதால், மேலும் அமர்வுகள் தேவைப்படாது எனக் கருதுகிறோம். விரைவில் நலம் பெற்றமைக்கு எங்கள் வாழ்த்துகள்."

அம்மா அப்பாவைப் பார்த்தார். நான் சீட்டுகளை எடுத்துவந்தேன். இப்போது படித்தேன். நான்கிலும் அதே மூன்று வரிகள், அப்பாவின் அழகான உருண்டைக் கையெழுத்தில்:

'பழுது நீக்கப்பட்டது. ஓட்டிப் பார்க்கப்பட்டது. சரியாக இயங்குகிறது.'

"என்னங்க இது?" என்றார் அம்மா.

"குறிப்பு."

"யாரைப் பத்தி?"

அப்பா சீட்டை வாங்கிப் பார்த்தார். வேறு யாரோ எழுதியதுபோல முழுவதும் படித்தார். "எந்தச் சீட்டா இருந்தாலும் கடைசியில இதான்மா எழுதுவோம். கட்டம் காலியா இருந்தா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க."

"விரும்பினால்னு போட்டிருக்கே அப்பா."

"எங்க சீட்டுலயும்தான் போட்டிருக்கும். எழுதாம விட்டுப் பாரு, தெரியும்."

முப்பது வருடமாக ஒரு நாளைக்கு நான்கைந்து முறை எழுதிய வரிகள். கை தானாக எழுதியிருக்கிறது. அம்மா சிரிக்கத் தொடங்கினார். சோபாவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "முதல் நாளே ஓட்டிப் பார்க்கப்பட்டதாம்! யாரு ஓட்டிப் பார்த்தா உங்களை?"

அப்பாவும் சிரித்தார். பிறகு, "சரி விடு. அவங்களே நல்லாயிட்டேன்னு சொல்லிட்டாங்க. இதோட போதும்" என்றார். கொஞ்சம் நிம்மதியாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒன்றாம் தேதிக்கு இருபத்தேழு நாள் இருந்தது.

திங்கட்கிழமை மதியம், காப்பீட்டு அலுவலகத்தைக் கூப்பிட முடிவு செய்தேன். முன்பின் தெரியாதவர்களிடம் தொலைபேசியில் பேசுவதென்றால் பேசப்போவதை முதலில் தாளில் எழுதிக்கொள்வேன். அன்று ஒன்றரைப் பக்கம் வந்தது. வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டிருந்தேன். அப்பாவுக்கும் அன்று வாரவிடுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இருபது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தார். நான் வாசித்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"புரியுதுங்க. ஆலோசகர் அறிக்கையில இன்னும் தேவைன்னு இருக்கு. ஆனா அவரே சரியாயிட்டேன்னு எழுதியிருக்காரே. ரெண்டுல எதை எடுத்துக்கறது நாங்க?"

"அது அவர் தொழில் வழக்கம்ங்க. லிஃப்ட் மெக்கானிக்."

"ஓ." இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு ஒலி வந்தது. "அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். பக்கத்துல இருக்காரா?"

நான் ஒலிபெருக்கியைப் போட்டு அப்பாவின் முன்னால் வைத்தேன்.

"வணக்கம் சார். எப்படி இருக்கீங்க?"

"ரொம்ப நல்லா இருக்கேன்மா!" என்றார் அப்பா. "நீங்க நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டாச்சா?"

நான் தலையில் கை வைத்தேன். சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

"சாப்பிட்டாச்சு சார். அப்ப உங்களுக்குப் பிரச்சினை ஒண்ணும் இல்லையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைமா. கடவுள் புண்ணியத்துல..."

"அம்மாடி, அவரை நம்பாதீங்க!" அம்மா மேசைமேல் குனிந்து கத்தினார். பதினாறு பிள்ளைகளுக்கான குரல். "கால் ஒடிஞ்சு கிடந்தாலும் போன்ல நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாரு!"

"யாருங்க பேசறது?"

"அவருக்கு வாழ்க்கைப்பட்டவ!"

இப்போது அந்தப் பெண் வெளிப்படையாகவே சிரித்தார். ஆனால் விதியை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. பத்து நாளுக்குள் அப்பா தன் கைப்பட இப்போதைய நிலையை எழுதி அனுப்ப வேண்டும். மனைவியோ மகளோ எழுதினால் செல்லாது. "உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லுங்க, மேடம். அது போதும்" என்று சொல்லிப் போனை வைத்தார். என்னை யாரும் மேடம் என்று அழைத்ததில்லை. தாளில் மிச்சமிருந்த முக்கால் பக்கத்தை மடித்து வைத்தேன்.

அப்பா எழுதவில்லை.

முதல் நாள் பேனா எழுதவில்லை என்றார். இரண்டாம் நாள் கண்ணாடியைக் காணவில்லை என்றார். அது தலைமேல் இருந்தது. மூன்றாம் நாள் தாளை எடுத்து மேசையில் வைத்து, ஓரங்களை நேராக்கி, எழுந்து போனார். ஐந்தாவது அமர்வை விட்டுவிடக் கூடாது என்று நானும் அம்மாவும் கைக்காசு போட்டு அனுப்பினோம். அதற்குப் போனார். திரும்பி வந்தும் எழுதவில்லை. ஏழாம் நாள் காலை, வேனை எடுக்கப் போகும் முன் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன். ஒரு லிஃப்ட் ரிப்பேர். ஒருத்தன் வர்றான், பாக்குறான், சரியாகலை. சரியாயிடுச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போறான். அவனை நீங்க என்னன்னு சொல்வீங்க?"

"கொலைகாரன்னு சொல்வேன்" என்றார் அப்பா, யோசிக்காமல்.

அம்மா சாவியை எடுத்துக்கொண்டு போனார். வெளியே வேன் உறுமிக் கிளம்பியது.

அப்பா கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எப்படி வாயைப் பிடுங்குறா பாரு உங்க அம்மா" என்றார். தாளைத் தேடவில்லை. கருவிப் பெட்டியிலிருந்து தன் வேலைச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒரு சீட்டைக் கிழித்து, உட்கார்ந்தார். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கிளம்பாமல் தலை வாருவதைப் போலக் கண்ணாடி முன் நின்றேன். ஒரே இடத்தை ஏழெட்டு முறை வாரினேன்.

"இந்தா, படி" என்றார்.

"நான் படிக்கலாமா?"

"அன்னிக்கே படிச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

படித்தேன்.

'புகார்: கேபின் கதவு மூடினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மூச்சு பாதியில் நிற்கிறது.
எப்போதிலிருந்து: எட்டு மாதம்.
செய்த வேலை: ஐந்து அமர்வு.
தற்போதைய நிலை: கதவு திறந்திருந்தால் உள்ளே நிற்க முடிகிறது. மூடினால் பதினொரு நொடி தாங்குகிறது. முன்பு அதுவும் இல்லை.
பழுது நீங்கவில்லை.
தேவை: வேலையைத் தொடர வேண்டும். பாதியில் விட வேண்டாம்.'

'நீங்கவில்லை' என்ற இடத்தில் பேனா தாளைக் கிழித்துச் சின்ன ஓட்டை விழுந்திருந்தது. சீட்டைச் சமமாக வைத்து, நேராகப் பார்த்துப் படமெடுத்தேன்.

நான்கு நாளில் பதில் வந்தது. மேலும் நான்கு அமர்வுகள். இம்முறை வாழ்த்துகள் இல்லை.

ஆறாவது அமர்வில் கதவு மூடி ஒரு மாடி போனார்கள். ஏழாவதற்கு ஆலோசகர் வீட்டிலிருந்து யாராவது ஒருவரை வரச் சொன்னார். அம்மாவுக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டிய நேரம். நான் போனேன்.

ஆலோசகர் குட்டையானவர், மூக்குக்கண்ணாடி அணிந்தவர். என்னைவிட மெல்லிய குரல். என்னை மூன்றாவது மாடி லிஃப்ட் முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அப்பாவோடு உள்ளே போனார். கதவு மூடியது. மேலே எண் மாறியது. நான்கு, ஐந்து, பிறகு நான்கு, மூன்று. கதவு திறக்கும்போதே அப்பாவின் குரல் கேட்டது.

"...எவன் சர்வீஸ் பண்றான் இதை? கேளுங்க மேடம், கேளுங்க. அந்தக் கிறீச் சத்தம். எண்ணெய் கண்டு ஆறு மாசம் இருக்கும். இன்னொரு தடவை மேல அமுக்குங்க."

கதவு மூடியது. மறுபடி போய் வந்தார்கள்.

"பாருங்க, தரைக்கும் கேபினுக்கும் ஒரு விரல் உசரம் வித்தியாசம். வயசானவங்க தடுக்கி விழ மாட்டாங்க? இன்னொரு தடவை."

நான்கு முறை போய் வந்தார்கள். அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை கம்பியை விடவில்லை. ஆனால் வாய் ஓயவில்லை. ஐந்தாவது முறை ஆலோசகர் மட்டும் வெளியே வந்தார். "தலை சுத்துதுங்க எனக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கதவைக் கையால் பிடித்தபடி அப்பாவைப் பார்த்தார். "நீங்க மட்டும் கீழ போயிட்டு வர்றீங்களா?"

அப்பா பேச்சை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் புன்னகை செய்ய முயன்றேன். சரியாக வந்ததா தெரியவில்லை. "கையை எடுங்க மேடம்" என்றார்.

கதவு மூடியது. மூன்று. இரண்டு. ஒன்று. தரைத்தளம். அங்கேயே நின்றது.

ஆலோசகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் இயல்பாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டார், ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எண் நகர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். லிஃப்ட் நிற்கவில்லை. நான்கு. ஐந்து. ஆறு. ஆறில் நின்றது. வெகுநேரம் நின்றது.

"படியில போகட்டுமா நான்?" என்றேன்.

"இருங்க" என்றார் அவர். பிறகு, "இல்லை, போவோம்" என்றார்.

நாலாவது மாடி திருப்பத்தில் மேலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "சாய்ச்சுப் பிடிங்க, சாய்ச்சு! அப்படியில்லை, உங்க பக்கம் தூக்குங்க!" ஆறாவது மாடியில் யாரோ குடிவருகிறார்கள். கீழே கதவு திறந்ததும் இரண்டு பேர் ஒரு பெரிய மெத்தையை உள்ளே திணித்திருக்கிறார்கள். அப்பா பின்சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே மாட்டிக்கொண்டு ஆறு மாடியும் ஏறியிருக்கிறார்.

"இறங்கணும்னு சொன்னேன், யாரு கேக்குறா? வாய்க்கு நேரா மெத்தை" என்றார், எங்களைப் பார்த்ததும். முகமெல்லாம் வேர்வை, தலையில் பஞ்சு. அந்த இரண்டு பேரும் மெத்தையை வாசலில் திருப்பத் தெரியாமல் நின்றார்கள். "சார், கொஞ்சம் பிடிங்களேன்" என்றார் ஒருவர். அப்பா பிடித்தார். ஆலோசகரும் ஒரு மூலையைப் பிடித்தார்.

மெத்தை உள்ளே போனதும் அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். பாதி சட்டையில் சிந்தியது.

"எப்படி இருந்துச்சு?" என்று ஆலோசகர் கேட்டார்.

"மோசமா இருந்துச்சு" என்றார் அப்பா. கொஞ்சம் யோசித்து, "செத்துப்போகலை" என்றார். எப்படி என்று கேட்டால் அவர் 'நல்லா' என்று சொல்லாமல் பதில் சொல்லி அன்றுதான் கேட்டேன். அன்று ஆறு மாடியும் நடந்தே இறங்கினோம். ஒரு நாளைக்கு அது போதும் என்றார் அப்பா.

ஒன்றாம் தேதி காலை அம்மா எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்ப் பதினெட்டு மாடிக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தினார். பிள்ளைகள் இன்னும் ஏறவில்லை. அப்பா பெட்டியோடு ஒரு சின்ன இருக்கையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். இறங்கினார். வாசல் முழுக்கக் கண்ணாடி. உள்ளே லிஃப்ட் முன்னால் அவர் பெட்டியைக் கீழே வைத்து நிற்பது தெரிந்தது. கதவு திறந்தது. பெட்டியை எடுத்தார். உள்ளே போனார். கதவு மூடியது.

அம்மா வண்டியைக் கிளப்பினார்.

"கொஞ்சம் இருந்து பார்க்கலாமே அம்மா."

"பார்த்தா அவருக்குக் கூச்சமா இருக்கும். ஏழு நாற்பதுக்கு முதல் பிள்ளை ஏறணும்." ஆனால் முதல் திருப்பத்தை விட்டுவிட்டு நேராகப் போய்விட்டார். சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. இத்தனை வருடத்தில் அம்மா வழி தவறி நான் பார்த்ததில்லை.

பரிசோதனைக் கூடத்தில் இரண்டாவது மாதிரியின் கொழுப்பை அளந்துகொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. கையுறையோடே எடுத்தேன். எழுதி வைத்த தாள் எதுவும் இல்லை.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"மேல." மூச்சு வாங்கியது. பின்னால் காற்றுச் சத்தம். "பதினெட்டு. உள்ளேயே வந்தேன். நடுவுல ரெண்டு தடவை நிறுத்தி நின்னுட்டுத்தான் வந்தேன். ஆனா உள்ளேயே வந்தேன்."

மாதிரியை அப்படியே மேசையில் வைத்தேன். எதிரில் இருந்தவர் என்ன என்று கையால் கேட்டார். நான் தலையசைத்தேன்.

"கேக்குதா? அந்த இன்சூரன்ஸ்ல இன்னும் ரெண்டு அமர்வு பாக்கி இருக்குல்ல?"

"இருக்கு அப்பா."

"ரத்து கித்து பண்ணிடாதே. இனிமே இறங்கணும்."